பழைய மெட்ராஸில் மழை பெய்ததே இல்லை

நவம்பர் பிறந்தால் எனக்கு ஒரு கேள்வி வந்துவிடும். போட்டோ எடுக்கப் பழகுகிற தம்பி தங்கைகள் யாராவது கேட்பார்கள். "சனி ஞாயிறு ரெண்டு நாளும் மழைன்னு போட்டிருக்கான். வானம் பூரா சாம்பல் பூசின மாதிரி இருக்கு. எங்கதான் போய் படம் எடுக்கிறது?" எங்கேயும் முடியாது, வீட்டில் படுத்துத் தூங்கலாம் என்ற பதிலும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கும். மெரினாவில் சூரியன் உதிக்காது. சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரத்துக்குப் பின்னால் நீல வானம் இருக்காது. கபாலி கோயில் கோபுரத்தின் வண்ணமெல்லாம் மங்கிக் கிடக்கும். வெளிச்சம் இல்லை என்பது அவர்கள் வாதம்.

என்னிடம் மூன்று இடங்கள் இருக்கின்றன. ஒன்று மயிலாப்பூரில், ஒன்று தி. நகரில், ஒன்று அடையாற்றங்கரையில். மூன்றும் வெயில் நாளில் பார்க்க ஒன்றுமில்லாத இடங்கள். மழை நாளில் ஏன் அங்கே போகச் சொல்கிறேன் என்பதற்கு நூற்றெழுபது வருடக் கதை கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

'பழைய மெட்ராஸ்' என்று தேடிப் பாருங்கள். மவுண்ட் ரோடு, சென்ட்ரல் ஸ்டேஷன், உயர் நீதிமன்றம், கடற்கரைச் சாலை, மசூலாப் படகுகள், மாட்டு வண்டிகள், ஜட்கா. எல்லாவற்றின் மேலும் வெயில். நிழல்கள் கத்தரித்து ஒட்டியது போல் தரையில் கிடக்கும். குடை இருந்தால் அது வெயிலுக்கான குடை. இந்த ஊருக்கு ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை. அதில் ஏறக்குறைய 60 சதவீதம் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மூன்று மாதம் நனைகிற ஊரின் படங்களில் ஒரு சொட்டு ஈரமில்லை. நான் பார்த்த பத்தொன்பதாம் நூற்றாண்டு மெட்ராஸ் படங்கள் எதிலும் மழை பெய்துகொண்டிருக்கும் தெரு ஒன்றைக் கண்டதில்லை. அந்தப் படங்களை மட்டும் நம்பினால் பழைய மெட்ராஸில் மழை பெய்ததே இல்லை.

காரணம் ரொம்பச் சாதாரணம். ஒளிப்படம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். அடுத்த சில பத்தாண்டுகளுக்கு ஒரு படம் பதிய வினாடிக்கணக்கில், சில சமயம் நிமிடக்கணக்கில் கேமராவைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. பெரிய மழைத்துளி வினாடிக்கு எட்டு ஒன்பது மீட்டர் வேகத்தில் விழும். பத்து வினாடி திறந்திருக்கும் கேமராவுக்கு அது இல்லாத பொருள். நனைந்துகொண்டே நின்று படமெடுத்திருந்தாலும் மழை அதில் பதிந்திருக்காது, லேசான மூட்டம்தான் மிஞ்சியிருக்கும். அந்தக் காலத்து ரசாயனங்களுக்கு இன்னொரு குறை, நீல ஒளியை மட்டும் அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். அதனால் வானம் எப்போதும் வெளுத்துப்போய், வெறும் காகிதமாக இருக்கும். மேகம் இருந்ததா இல்லையா என்றே தெரியாது.

இதைச் சமாளித்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் இருந்த அதிகாரி. 1855-ல் பர்மாவின் அமரபுரத்துக்குப் போன தூதுக்குழுவோடு இவரையும் படமெடுக்க அனுப்பினார்கள். ஆகஸ்ட் மாதம், பர்மாவின் மழைக்காலம். உடம்பு சரியில்லாமல் போன நாட்கள், வானம் சரியில்லாமல் போன நாட்கள் எல்லாம் கழித்தும் 200-க்கு மேற்பட்ட நெகட்டிவ்களோடு திரும்பி வந்தார். அடுத்த ஆண்டே மதராஸ் அரசாங்கம் அவரைத் தன் அதிகாரபூர்வ ஒளிப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். டிசம்பர் என்பதைக் கவனியுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்கிற நேரம். பர்மாவில் பட்டது போதும் என்று நினைத்திருப்பார் என்பது என் ஊகம்.

பொறுமைக்குக் குறைவில்லாத ஆள். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியவர். மதுரையில் வைகையை எடுத்தார், அதன் தரைப்பாலத்தோடு. வானம் வெளுத்துப்போகும் தொல்லைக்கு அவர் கண்ட வழிதான் விசேஷம். காகித நெகட்டிவின் பின்பக்கத்தில் தூரிகையை எடுத்துத் தானே மேகங்களைத் தீட்டிவிட்டார். டிரைப்பின் படங்கள் சிலவற்றில் கோபுரத்துக்கு மேலே பஞ்சுப் பஞ்சாக நிற்கிற அந்த அழகான மேகங்கள் எந்த வானத்திலும் இருந்தவை அல்ல. அவற்றில் ஒன்றும் மழை மேகமாக இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் வேண்டியதெல்லாம் பார்க்க லட்சணமான வானம்.

1859-ல் மதராஸ் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் கஜானாவைப் பார்த்தார், ஒளிப்படமெல்லாம் நமக்குக் கட்டுபடியாகாத ஆடம்பரம் என்று சொல்லி டிரைப்பின் வேலையை நிறுத்திவிட்டார். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து சிக்கனம் பார்த்த அதே டிரெவெல்யன்தான். சில பேர் எங்கே போனாலும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்.

மழை பதிவாகவே இல்லை என்று சொல்ல முடியாது. கூவம் கரையில் நுங்கம்பாக்கத்தில் 1792-லிருந்து இருந்த வானிலைக்கூடத்துக் காரர்கள் கருவியை வைத்து, எத்தனை அங்குலம் என்று எழுதி வைத்தார்கள். இந்தியாவில் நீண்ட மழைக்கணக்கு உள்ள ஊர்களில் நம்முடையதும் ஒன்று. எந்த நாளில் எவ்வளவு என்று கேட்டால் எண் கிடைக்கும். எந்தத் தெருவில் முழங்கால் அளவு, எந்தத் தெருவில் இடுப்பளவு என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. நமக்கு இன்றைக்குத் தேவைப்படுவது இரண்டாவது தகவல்.

மழை வந்ததைப் படமெடுக்காத கேமரா, வராததை எடுத்தது. 1876-ல் பருவமழை பொய்த்தது. அடுத்த இரண்டு வருடம் தென்னிந்தியா கண்ட பஞ்சத்தைப் பாடப்புத்தகத்தில் 'தாது வருஷப் பஞ்சம்' என்று ஒரு வரியில் படித்திருப்பீர்கள். மதராஸ் குதிரைப்படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர் எலும்பும் தோலுமான குடும்பங்களை வரிசையாக உட்காரவைத்து, நிற்கவைத்து எடுத்த படங்கள் இன்றும் சுற்றுகின்றன. ஒருமுறை பார்த்தால் மறக்காது. விலா எலும்புகளை எண்ணலாம், அவ்வளவு துல்லியம், அவ்வளவு வெயில். எடுத்து முடித்ததும் அவர்களுக்குக் கஞ்சி கொடுத்தாரா, அப்படியே அனுப்பிவிட்டாரா என்ற கேள்வி அந்தக் காலத்திலேயே எழுந்துவிட்டது. ஹூப்பர் பத்து வருடம் கழித்து மாண்டலேயில் மரண தண்டனையைப் படமெடுக்கப் போய் விசாரணைக்கு ஆளானவர் என்பதையும் சேர்த்துக்கொண்டால், கேட்டவர்கள் காரணமில்லாமல் கேட்கவில்லை என்று தோன்றும்.

இந்தப் பஞ்சத்தின் மிச்சம் ஒன்று மயிலாப்பூர் நடுவில் இருக்கிறது. அதுதான் நான் சொல்லும் முதல் இடம்.

பக்கிங்காம் கால்வாய் மொத்தமும் ஒரே நாளில் வெட்டியது அல்ல. எண்ணூர்ப் பக்கத்துத் துண்டு 1806 வாக்கிலேயே உண்டு. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற துண்டு, சுமார் 8 கிலோமீட்டர், 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகன், அதனால் இந்தப் பெயர். 1877 தொடக்கத்தில் மாகாணத்தின் நிவாரண வேலைகளில் ஓர் ஆண் கூலியாளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்திருந்தார். ஒரு ராத்தல் என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. மண்வெட்டி பிடிக்கிற கைக்கு அது போதாது என்று எதிர்ப்பு வந்து, பிறகு கூட்டினார்கள். மழை வராததால் வெட்டின கால்வாய் இது. இப்போது மழை வந்தால் நிரம்பி, கரையோரத்து வீடுகளுக்குள் நுழைகிறது.

லஸ் முனையிலிருந்து திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்துக்கு நடந்து போங்கள். 1990-களில் ரயிலுக்குத் தூண்கள் எழுப்ப இடம் தேடியவர்களுக்கு இந்தக் கால்வாய்தான் கிடைத்தது. படகு போன வழியில் கான்கிரீட் தூண்கள் இறங்கின. சாதாரண நாளில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போகிற இடம். நல்ல மழை நாளில் கறுப்பு நீர் ஏறி, ஓடத் தொடங்கும், தூண்களைச் சுற்றிச் சுழிக்கும். சாம்பல் வானம், சாம்பல் கான்கிரீட், ஓடுகிற கறுப்பு. கறுப்பு வெள்ளையில் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவே வேண்டியதில்லை. பாலத்தின் மேலே நின்று எடுங்கள். ஸ்டேஷனுக்குள் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள், வீண் வம்பு வேண்டாம்.

மயிலாப்பூர் வரை வந்துவிட்டால் கபாலி தெப்பக்குளத்தையும் பார்க்காமல் போக மனம் வராதுதான். எல்லாரும் எடுத்துத் தேய்ந்த இடம் அது. ஆனால் குளத்தின் படிகளை மட்டும் எடுக்கலாம். ஒரே மூலையில் நின்று, வாரம் ஒரு படம், அக்டோபர் முதல் ஜனவரி வரை. எத்தனை படி மூழ்கியிருக்கிறது என்பது சுற்றியிருக்கிற தெருக்களின் கிணறுகளில் தண்ணீர் எவ்வளவு மேலே வந்திருக்கிறது என்பதற்கு ஒரு குத்துமதிப்பான கணக்கு. 2019 ஜூனில் ஏரிகள் வற்றிப்போய் ஊரே குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தது நினைவிருக்கும். அந்த வருடத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் இப்படிப் பதினைந்து படம் யாராவது எடுத்து வைத்திருந்தால், வரப்போவதை ஜனவரியிலேயே படியில் பார்த்திருக்கலாம்.

இரண்டாவது இடம் தி. நகர். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நூறு வருடத்துக்கு முந்தைய மெட்ராஸ் வரைபடம் எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை, வளைந்து நீண்ட ஒரு நீர்ப்பரப்பு இருக்கும். வெள்ளைக்காரன் அதற்கு 'லாங் டேங்க்' என்று பெயர் வைத்திருந்தான், நீள ஏரி. நகரத்தின் மேற்கு எல்லையே அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மெட்ராஸ் போட் கிளப்காரர்கள் அதில் படகுப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். கரைக்கு அந்தப் பக்கம் மாம்பலம் கிராமம்.

1920-களில் ஊருக்குள் இடம் போதவில்லை. நீதிக்கட்சி ஆட்சி. ஏரியை வடித்துவிட்டு, அந்த நிலத்தில் திட்டம் போட்டு ஒரு புதுக் குடியிருப்பை எழுப்பினார்கள். கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரில் தியாகராய நகர். நடுவில் பூங்காவுக்குப் பிரதம மந்திரி பனகல் ராஜா பெயர். சாலைகளுக்கு உஸ்மான், சௌந்தரபாண்டியன் என்று கட்சிக்காரர்கள் பெயர்கள். பாண்டி பஜாருக்கும் பாண்டிச்சேரிக்கும் சம்பந்தமில்லை, அது சௌந்தரபாண்டியனார் பெயரின் வால். ஏரியின் வடக்குத் துண்டு இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. அதில்தான் 1976-ல் வள்ளுவர் கோட்டம் நின்றது. நுங்கம்பாக்கத்தில் இன்றைக்கும் 'லேக் ஏரியா' என்று விலாசம் எழுதுகிறார்கள், 'டேங்க் பண்ட் ரோடு' என்று பலகை இருக்கிறது. ஏரி எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.

ஏரியின் பெயர் போகவில்லை, தண்ணீர் போனது என்று நினைத்தோம். தண்ணீரும் போகவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் அது பழைய விலாசத்தைத் தேடி வருகிறது. துரைசாமி சுரங்கப்பாதை முதலில் நிரம்பும். ஜி.என். செட்டி சாலையில் கார்கள் தயங்கும். மாம்பலம் கால்வாய், அதாவது வள்ளுவர் கோட்டத்துப் பக்கம் தொடங்கி தி. நகரைக் கடந்து நந்தனத்தில் அடையாற்றில் சேர்கிற அந்தச் சாக்கடை, திணறும். 2021 நவம்பரில் இதே தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றபோது, கோடிகளைக் கொட்டி வேலை செய்தும் ஏன் இப்படி என்று பெரிய சர்ச்சை நடந்தது. வடிகால் வேலையில் குறை இருந்திருக்கலாம், அது விசாரிக்க வேண்டிய விஷயம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, எதன் வயிற்றில் நின்றுகொண்டு வடிகாலைப் பற்றிப் பேசுகிறோம் என்பது.

நம் ஊரில் ஃபிலிமை 'டெவலப்' செய்கிறவர் வாயில் வருகிற வார்த்தை 'கழுவுறது'. "ரோலைக் குடுங்க, நாளைக்குக் கழுவித் தரேன்." இருட்டறையில் வெள்ளைத் தாளைத் தட்டில் போட்டு ஆட்டினால் ஒன்றுமில்லாத இடத்தில் முதலில் ஒரு புருவம், பிறகு ஒரு கன்னம் என்று முகம் எழுந்து வரும். கடும் மழையின் மூன்றாவது மணி நேரத்தில் தி. நகர் அப்படித்தான் எழுந்து வரும். எந்தத் தெரு ஏரியின் ஆழப்பகுதி, எது கரை, எது மேடு என்று தண்ணீரே கோடு போட்டுக் காட்டிவிடும். உஸ்மான் சாலையில் நிற்கிறது, அடுத்த குறுக்குத் தெருவில் இல்லை. ஏன்? பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு போங்கள். இதைவிட நல்ல வாரக்கடைசி எனக்குத் தெரியாது.

எடுக்கிற விதம் பற்றிக் கொஞ்சம். வெளிச்சம் இல்லை என்பது பாதிதான் உண்மை. உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் என்றால் சாதாரண மூட்டத்தில் பத்தாயிரம் இருக்கும், கருமேகம் கவிந்தால் ஆயிரம் இரண்டாயிரம். இன்றைய செல்போனுக்கே அது போதும். மெட்ராஸின் பழைய ஸ்டுடியோக்காரர்கள், மவுண்ட் ரோட்டில் ஜி.கே. வேல், க்ளைன் அண்ட் பேயர்ல் போன்றவர்கள் இருந்த காலத்தில், முகத்தில் நிழல் வெட்டாத வெளிச்சத்துக்காக உலகமெங்கும் ஸ்டுடியோக்களுக்கு வடக்குப் பார்த்த கண்ணாடிக் கூரை போட்டார்கள், வெள்ளைத் துணி கட்டினார்கள். அந்த வெளிச்சம் மூட்டமான நாளில் ரங்கநாதன் தெரு முழுக்க இலவசமாக விழுகிறது. நீலத் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிற பூக்காரம்மா முகத்தை அந்த ஒளியில் பாருங்கள். கேட்டுவிட்டு எடுங்கள்.

மழைக்கோடு தெரிய வேண்டுமானால் வெளிச்சம் துளிக்குப் பின்னால் இருக்க வேண்டும், அதற்கும் பின்னால் இருட்டாக ஏதாவது வேண்டும். சினிமாவில் தண்ணீர் லாரி மழைக்குப் பின்பக்கம் விளக்கு வைப்பது இதற்குத்தான். நமக்கு எதிரே வருகிற பஸ்ஸின் ஹெட்லைட் போதும். தண்ணீருக்குள் மட்டும் இறங்காதீர்கள். மின்சாரப் பெட்டி எங்கே இருக்கிறது, மூடி திறந்த குழி எங்கே இருக்கிறது என்று மேலே நிற்பவனுக்குத் தெரியாது. இந்த ஊரில் அப்படிச் செத்தவர்கள் உண்டு.

தெருவை எடுக்கும்போது கூடவே நகராத ஏதாவது ஒன்று படத்தில் இருக்கட்டும். கடைப் பலகை, கேட்டின் கீல், ஒரு வாசற்படி. தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தால் அது அளவு. அழகாகவும் இருக்கும், ஆனால் நான் சொல்வது அதற்காக இல்லை. நிலம் வாங்கப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். "இங்க தண்ணியே நிக்காது சார், நான் இருவது வருஷமா பாக்கிறேன்" என்று சொல்லாத தரகர் கிடையாது. பத்திரத்தில் ஏரி என்று எழுதியிருக்காது. அந்த இடத்தில் நின்று நவம்பரில் எடுத்த ஒரு படம், தேதியோடு இருந்தால், அந்த வாய் அடைக்கும்.

மூன்றாவது இடத்துக்கு வருகிறேன். கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, அடையாற்றின் கரை.

இந்த ஊரின் வெள்ளங்கள் என்று 1943, 1976, 1985, 2005 என்று பட்டியல் சொல்வார்கள். எல்லாம் வாய்க்கணக்கு. எங்கள் தெருவில் கழுத்தளவு என்று ஒரு பாட்டி சொல்வாள், அவ்வளவுதான் ஆவணம். 2015 டிசம்பர் 1 அன்று அது மாறியது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்ததாக அரசுக் கணக்கு. வழியில் இருந்த மற்ற ஏரிகளின் நீரும் சேர்ந்துகொண்டது. சைதாப்பேட்டை பாலத்துக்கு மேலே ஆறு போனது. அச்சகத்துக்கு ஆள் வர முடியாமல் டிசம்பர் 2 அன்று 'தி இந்து' ஆங்கில நாளிதழ் வெளிவரவில்லை, 1878-ல் தொடங்கியதிலிருந்து அப்படி நடந்ததில்லை என்றார்கள். பத்திரிகை வராத அந்த நாளில் எல்லார் கையிலும் கேமரா இருந்தது. சென்னையின் மழை முதல்முறையாக லட்சக்கணக்கான படங்களில் பதிந்தது.

அதில் எத்தனை இன்றைக்கு உபயோகப்படும்? படங்கள் வாட்ஸப்பில் சுற்றின. அந்த வழியாகப் போகும்போது எந்த நேரம், எந்த இடம் என்று படத்துக்குள் ஒளிந்திருக்கும் குறிப்புகள் உதிர்ந்துவிடும். மிஞ்சியது தலையும் வாலும் இல்லாத தண்ணீர். முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று வேறெங்கோ எடுத்த படத்தைப் போட்டார்கள், பண்ணைக்காரர்கள் மறுத்தார்கள். பிரதமர் விமானத்திலிருந்து வெள்ளத்தைப் பார்வையிடும் படம் ஒன்றை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. ஜன்னலுக்கு வெளியே வீடுகள் பளிச்சென்று தெரிந்தன. மங்கலாக இருந்த ஜன்னலில் வேறு படத்தை இணைத்திருந்தார்கள் என்பது தெரிந்து சிரிப்பாகிப்போனதும் நீக்கிவிட்டு விளக்கம் சொன்னார்கள். டிரைப் இருந்திருந்தால் அவர்களை மன்னித்திருப்பார். வெளுத்த இடத்தில் லட்சணமாக எதையாவது வைக்கத் தோன்றும் அந்தக் கை நூற்றெழுபது வருடமாக ஓயவில்லை.

அதனால்தான் கோட்டூர்புரம் பாலத்துக்குப் போகச் சொல்கிறேன். மழை ஓய்ந்து தூறல் மட்டும் இருக்கும்போது போங்கள். ஆறு பழுப்பாக, அகலமாகப் போய்க்கொண்டிருக்கும், ஆகாயத்தாமரைத் தீவுகளை இழுத்துக்கொண்டு. கரையில் இருக்கிற காம்பவுண்டுச் சுவர்களில் சிலவற்றில் இன்னும் அந்தக் கோடு தெரியும், சுண்ணாம்புக்கு அடியில் லேசான பழுப்பாக. ஈரமான நாளில்தான் அது நன்றாகத் தெரியும், காய்ந்தால் சுவரின் நிறத்தோடு போய்விடும். ஒவ்வொரு தீபாவளிக்கும் பெயின்ட் அடிக்கிறார்கள், குறைந்துகொண்டே வருகிறது. எடுங்கள். சுவர் எந்தத் தெருவில், கோடு தரையிலிருந்து எத்தனை அடி என்று எழுதி வையுங்கள். மூலக் கோப்பை வைத்துக்கொள்ளுங்கள், வாட்ஸப்பில் போனதை நம்ப வேண்டாம்.

அங்கே இருக்கிறவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். நான் பேசிய வீடுகளில் எல்லாரும் முதலில் சொன்னது டிவியும் பிரிட்ஜும் போனதை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆல்பம் வரும். தண்ணீர் வடிந்த வாரம் அந்தப் பக்கத்து மொட்டை மாடிகளில் போர்வைக்கும் பாடப்புத்தகத்துக்கும் நடுவில் போட்டோக்கள் காய்ந்துகொண்டிருந்ததை நானே பார்த்தேன். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவற்றைப் பிரித்து இழுத்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். அவற்றை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டால் தானாகப் பிரியும் என்று சொல்ல அப்போது அங்கே யாரும் இல்லை.

ஓர் அம்மா இரண்டு ஆல்பங்களைக் காட்டினார். மகளுடைய கல்யாணத்தின் கலர் ஆல்பம், டிஜிட்டலில் எடுத்து இங்க்ஜெட்டில் அச்சிட்டது. பக்கத்துக்குப் பக்கம் ஊதாவும் மஞ்சளும் வழிந்து, மாலை போட்ட இரண்டு உருவங்கள் நிற்கின்றன என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. இன்னொன்று அவருடைய கல்யாணம், கறுப்பு வெள்ளை. ஓரங்கள் சுருண்டு, அட்டையில் சேறு படிந்திருந்தது. படங்கள் அப்படியே இருந்தன. வெள்ளி உப்பில் பதிந்து, தட்டுத் தட்டாகத் தண்ணீரில் கழுவப்பட்டு வந்த தாள் அது, இன்னொரு தண்ணீர் அதை ஒன்றும் செய்யவில்லை. "இதைப் பாருங்க, எங்க மாமியார் முகம்கூட தெளிவாத் தெரியுது" என்றார். பிறகு மகளுடைய ஆல்பத்தை மூடி, அதன் மேலே இதை வைத்து, இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பரணில் ஏற்றச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.